அப்பா காரின் எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கும் ஊரில் பார்த்த மூன்று ஆட்களும்

விடுமுறைக்கு ஊருக்குப் போய், மாதக்கணக்கில் சும்மா நின்ற காரை எடுக்கப் பார்த்து முழித்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் காரில் கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் கிடையாது, கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச்தான். அப்பா இப்போது ஓட்டுவதையே குறைத்துவிட்டார். மழைக்காலம் முழுக்க வண்டி பிரேக் போட்டபடியே நின்றிருக்கிறது, நான் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி சுத்தமாகப் படுத்திருந்தது.

ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் பிரேக் விடவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு நின்று எரிகிறது, சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. பிரேக் பெடலை மிதித்துக்கொண்டு ஸ்விட்சை அழுத்தினால் பின்னால் இடது சக்கரத்தில் மட்டும் மோட்டார் சுற்றுகிற சத்தம், வலது பக்கம் மூச்சே இல்லை. மெதுவாக நகர்த்திப் பார்த்தால் அந்த ஒரு சக்கரம் உருளாமல் இழுபடுகிறது, அதோடு நிறுத்திவிட்டேன்.

இந்த எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் காருக்கு அடியில் ஒரே மோட்டார் இருந்து பழைய மாதிரியே கேபிளை இழுக்கும். இன்னொன்றில் பின் சக்கரம் இரண்டிலும் காலிப்பரின் (சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) முதுகில் ஆளுக்கொரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் மாதிரி பெரிய வண்டிகளில் ஆரம்பித்த சமாச்சாரம், இப்போது சாதாரணக் குடும்பக் கார்களிலேயே வருகிறது, பெரும்பாலும் இரண்டாவது வகைதான். எங்களுடையதும் அதே. 12 வோல்ட் மோட்டார், அதற்கு வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிற கியர், அதன் முனையில் காலிப்பருக்குள் போகிற மரையுள்ள ஸ்பிண்டில். ஸ்பிண்டில் சுற்றினால் அதன் மேலிருக்கிற நட் முன்னால் நகர்ந்து பிஸ்டனை உள்ளிருந்து தள்ளும், பிஸ்டன் பேட் என்கிற உராய்வுக் கட்டையை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும். மரையின் சரிவு குறைவு என்பதால் தானாகப் பின்னால் சுற்றிக்கொள்ளாது. பிரேக்கைப் பிடித்து வைத்திருக்க மின்சாரமே வேண்டாம், போடவும் எடுக்கவும் மட்டும்தான் வேண்டும். பேட்டரி இறங்கினால் பிரேக் விட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு, நிஜத்தில் நடப்பது நேர் எதிர்: விடவே விடாது.

போதுமான அளவு அழுத்திவிட்டோம் என்று வண்டிக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பேட் டிஸ்க்கில் முட்டி இறுக இறுக மோட்டார் இழுக்கிற கரண்ட் ஏறும். கண்ட்ரோல் யூனிட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, குறித்த அளவு வந்ததும் நிறுத்திவிடும். (வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்த பிறகு சிறிது நேரம் கழித்துப் பின்னால் திடீரென்று ஒரு முனகல் கேட்கிறதே, அது பேய் இல்லை. சூடாக இருந்த டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது பிடி தளரும் என்பதால் சில வண்டிகள் மறுபடி ஒருமுறை இறுக்கிக்கொள்ளும்.)

முதலில் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போன் செய்தேன். பெயர் வேண்டாம். மரியாதையான ஆட்கள், வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள், வந்த பையன் ஸ்கேனரைச் செருகிக் கோடு (code, வண்டியே பதிந்து வைக்கிற கோளாறு எண்) எடுத்தான். வலது மோட்டார் சர்க்யூட்டில் கோளாறு. அதுவரை சரி. மாலையில் அட்வைசர் போன் செய்து, பின்பக்கம் இரண்டு காலிப்பரையும் முழுசாக மாற்ற வேண்டும், ஸ்பேர் வர நாளாகும் என்றார். நான் ஊர் திரும்பிய பிறகுதான் வரும் போலிருந்தது.

“கோளாறு மோட்டாரிலயா, வயரிலயா?” என்று கேட்டேன்.

“கோடு வந்தாலே செட்டா மாத்தறதுதான் சார் வழக்கம்.”

இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. கோடு என்ன சொல்கிறது? அந்தப் பாதையில் ஏதோ சரியில்லை என்று மட்டும்தான். மோட்டார் போயிருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம், சக்கரம் மேலும் கீழும் ஆடுகிற இடத்தில் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம், ஏன், பேட்டரி பலவீனத்தாலேயே பொய்யாக ஒரு கோடு பதிந்திருக்கலாம். மல்டிமீட்டரை எடுக்காமலே இரண்டு காலிப்பர் என்றால் அது சோதனை இல்லை, ஸ்பேர் விற்பனை. ஆனாலும் அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சில கம்பெனிகள் மோட்டாரைத் தனியாக விற்பதே இல்லை, காலிப்பரோடு சேர்த்துத்தான் பார்ட் நம்பரே இருக்கும். அப்படியிருந்தால் அட்வைசருக்கும் வேறு வழியில்லை.

அடுத்து தெருவில் எல்லோரும் கைகாட்டிய மெக்கானிக். பழைய வண்டிகளில் கை தேர்ந்தவர், அதில் சந்தேகமே இல்லை. வந்தவர் கையில் ஒரு சி-கிளாம்ப்பும், நுனியைச் சீவிய இரண்டு வயரும். மோட்டார் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துச் சுற்றிவிடலாம், மிச்சத்தைக் கிளாம்ப் போட்டுத் தள்ளிவிடலாம் என்பது அவர் கணக்கு.

“அண்ணே, அது வேண்டாம்ண்ணே.”

“தம்பி, இதைவிடப் பெரிய வண்டியெல்லாம் பார்த்தாச்சு.”

பார்த்திருப்பார். ஆனால் நேராகக் கரண்ட் கொடுக்கும்போது கரண்ட் ஏறுவதைக் கவனிக்க நடுவில் கண்ட்ரோல் யூனிட் இல்லை. நட் பின்னால் போய்க் கடைசியில் முட்டி இறுகிவிடலாம், கியர் பல் போகலாம், பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் இன்னும் இறுகும். நட் பிஸ்டனைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது கிளாம்ப் போட்டு அழுத்தினால் ஸ்பிண்டிலும் சேர்ந்து போகும், அப்புறம் நிஜமாகவே காலிப்பர்தான் வாங்க வேண்டும். சங்கடமாகத்தான் இருந்தது, சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தேன்.

மூன்றாவதாக வந்தவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். சித்தி மகன் சொல்லித்தான் வந்தார், பைக்கில் ஒரு பெட்டி, ஒரு லேப்டாப். சக்கரத்தைப் பார்க்கவே இல்லை, முதலில் பேட்டரியில் மீட்டரை வைத்தார். “இதைச் சரி பண்ணாம எதைத் தொட்டாலும் புதுசு புதுசா கோடு வரும் சார்” என்று சார்ஜரை மாட்டிவிட்டார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு பழைய கோடுகளைக் குறித்துக்கொண்டு அழித்தார், ஸ்விட்சை அழுத்தச் சொன்னார், திரும்பவும் படித்தார். வலது மோட்டார் கோடு மட்டும் உடனே திரும்பி வந்தது. கனெக்டரைக் கழற்றி, டெஸ்ட் பல்பை மாட்டி மறுபடி அழுத்தச் சொன்னார், பல்பு நன்றாக எரிந்தது. வயரை அங்கங்கே வளைத்து ஆட்டிக்கொண்டே பார்த்தார், பல்பு அசரவில்லை. அதாவது வயரும் கண்ட்ரோல் யூனிட்டும் நல்லபடி இருக்கிறது, கரண்ட் வந்து சேர்கிறது, மோட்டார்தான் அசைய மாட்டேன் என்கிறது. இத்தனையும் ஒரு டீ ஆறுகிற நேரம்தான், இதைத்தான் முதல் இடத்தில் யாரும் செய்யவில்லை.

மோட்டார் தனியாகக் கிடைக்குமா என்று சேஸிஸ் நம்பரை வைத்துத் தேடினார். மோட்டார் மேலேயே இருந்த நம்பரையும் போட்டோ எடுத்துக்கொண்டார், இடது வலது மாறும் என்பதால். பிரேக் பாகங்களைத் தயாரித்துக் கார் கம்பெனிகளுக்கே கொடுக்கிற டிஆர்டபிள்யூ, ஏடிஇ மாதிரி பெயர்கள் கடையிலும் தனியாகக் கிடைக்கும். எங்கள் மோட்டாரும் அப்படிக் கிடைத்தது. பெயர் தெரியாத பெட்டியில் வருவதை வாங்காதீர்கள், பிரேக் விஷயம்.

வேலை நடந்த அன்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை பி-யில் (ஆட்டோமேட்டிக் கியரின் பார்க் நிலை) வைத்து, பிறகுதான் பின்னால் ஜாக்கி. பின் பிரேக்கை விடுவிக்கப் போகிறோம் என்றால் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறு ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா. ஸ்கேனரில் சர்வீஸ் மோடு என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்ததும் இடது மோட்டார் நட்டைக் கடைசி வரை பின்னால் இழுத்துக்கொண்டது. இது இல்லாமல் பின்பக்க பேட் மாற்றவே கூடாது. (முன்பக்க பேடுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் ஸ்விட்சையும் பெடலையும் ஒரு வரிசையில் அழுத்தியே சர்வீஸ் மோடுக்குப் போகலாம்.) சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நடுவில் யாராவது கதவைத் திறந்து, இக்னிஷனைப் போட்டு, பிரேக் தானாக இறுகினால் உள்ளே விரல் இருக்கும்.

வலது பக்கம் செத்த மோட்டார் எப்படிப் பின்னால் இழுக்கும்? அங்கேதான் அவர் வேலை தெரிந்தது. மோட்டாரைக் காலிப்பரோடு பிடித்திருக்கிற நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இரண்டைக் கழற்றி, மோட்டாரை லேசாக ஆட்டி வெளியே இழுத்தார். பிரேக் ஆயில் ஒரு சொட்டுக் கூட வரவில்லை, ஸ்பிண்டிலுக்குக் காலிப்பருக்குள்ளேயே தனி சீல் இருக்கிறது, ஆகவே இந்த வகையில் மோட்டாரை மாற்ற ஏர் எடுக்க (பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டியதே இல்லை. உள்ளே தெரிந்த ஸ்பிண்டில் முனையில் அளவான பிட்டை வைத்து, நிதானமாகக் கையால் சுற்றினார். முதலில் அடம், பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் வழுவழுவென்று சுற்றியது. சக்கரம் விட்டுவிட்டது என்று நினைத்தால், பேட் அப்போதும் டிஸ்க்கில் துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் பிரிந்தது.

கழற்றிய மோட்டாரை என் கையில் கொடுத்தார். காலிப்பரோடு சேர்கிற வாய்ப்பகுதியில் செம்பழுப்பாகத் துருத் தண்ணீர், அந்த இடத்து ஓ-ரிங் உருண்டையாக இருக்க வேண்டியது தட்டையாகி ஒரு இடத்தில் வெடித்திருந்தது. தண்ணீர் போன வழி அதுதான். நின்ற இடத்திலேயே மாதக்கணக்கில் நனைந்து, உள்ளே கியர் இறுகி, கடைசியில் மோட்டாரும் போய்விட்டது. இத்தனைக்கும் காரணம் ஒரு ரப்பர் வளையம்.

பேடும் இரண்டு பக்கமும் மாற்றினோம். ஒட்டியிருந்த பேடில் ஓரம் பெயர்ந்துவிட்டது, பிரேக் பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது சரியில்லை. டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும், மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார், அது தேறியது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது திருகவில்லை, நேராகத்தான் தள்ளினார். கேபிள் வகைக் காலிப்பர்களில் திருகித் தள்ள வேண்டியிருக்கும், அந்தப் பழக்கத்தில் இதையும் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். தள்ளும்போது மேலே டேங்கில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போச்சு, எனக்கு அந்தக் காவல் வேலை. காலிப்பர் சறுக்கி நகர்கிற ஸ்லைடு பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட்டார். கண்ட கிரீஸைப் போட்டால் ரப்பர் ஊதி, ஸ்லைடு பின் இறுகிக்கொள்ளும். புது ஓ-ரிங், புது ஸ்க்ரூ, டார்க் ரெஞ்சில் இறுக்கம்.

எல்லாம் மாட்டியதும் பெடல் கெட்டியாகிற வரை மிதிக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஸ்கேனரில் சர்வீஸ் மோடை விட்டு வெளியே வந்து காலிபரேஷன் கொடுத்தார். இரண்டு மோட்டாரும் சில தடவை இறுக்கி இறுக்கி விட்டன, புது பேடின் கனத்துக்கு முட்டுகிற இடத்தைப் பழகிக்கொள்கின்றன. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, கோடு எதுவும் இல்லை என்று காட்டி, பக்கத்து மேட்டில் ஏற்றி நிறுத்திப் பார்த்தோம். சர்வதேச விதிப்படி பார்க்கிங் பிரேக் முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும். எங்கள் மேடு அவ்வளவு செங்குத்து இல்லை, ஆனாலும் வண்டி அசையவில்லை.

இனி யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பகுதி. வண்டியை நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் சமதளத்தில், கூரைக்கு அடியில், கியரில் அல்லது பி-யில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை விடுவித்தே நிறுத்துங்கள். பல வண்டிகளில் இன்ஜினை அணைத்ததும் பிரேக் தானாக விழும், அதைத் தடுக்கிற வழி மேனுவலில் இருக்கும். பேட்டரி வயரைக் கழற்றுகிற எண்ணம் இருந்தால் பிரேக்கை விடுவித்த பிறகு கழற்றுங்கள், முன்னால் இல்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விடுவதால் பேட்டரிக்குப் பெரிய நன்மை கிடையாது, நாலு தெரு தள்ளி ஓட்டி, பிரேக்கை மிதித்து, ஸ்விட்சையும் போட்டு எடுத்துவிட்டு வர வேண்டும். அந்தப் பொறுப்பைச் சித்தி மகனிடம் கொடுத்திருக்கிறேன், ஓட்ட ஒரு கார் கிடைத்ததில் அவனுக்கும் சந்தோஷம்தான்.

இடது பக்க மோட்டாரை மாற்றவில்லை. கழற்றிப் பார்த்ததில் உள்ளே காய்ந்துதான் இருந்தது, ஓ-ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டு மாட்டிவிட்டார். பிரேக் ஆயிலுக்கு இரண்டு வருடம் ஆகப்போகிறது, அதை மாற்றும்போது அந்தப் பக்கத்தையும் இன்னொரு தடவை திறந்து பார்க்கச் சொல்லிப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.