கனடாவுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் விண்ணப்பம் போன தேதியைக் கேளுங்கள்

என் தம்பியும் குலசேகரம் பையன் ஒருவனும் கனடாவில் ஒன்டாரியோவில் ஒரே அரசுக் கல்லூரியில், ஒரே பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோவில், ஒரே வகுப்பில் சேர்ந்தார்கள். இரண்டு வருடப் படிப்பு. முடித்ததும் அந்தப் பையனுக்கு மூன்று வருட ஒர்க் பெர்மிட்டுக்கு வழி இருக்கிறது. என் தம்பிக்கு அந்தப் படிப்பில் அது இல்லை. அவன் விண்ணப்பம் 2024 அக்டோபரில் போயிருக்கிறது. எங்களுடையது நவம்பர் 6-ஆம் தேதி. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். அப்பாவுக்கு நாற்பது சென்ட் ரப்பர், அதோடு மற்றவர்கள் தோட்டத்தில் பால்வெட்டு. தம்பி பி.காம். முடித்து ஒரு வருடம் சும்மா இருந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒரு கன்சல்டன்சியைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கண்ணாடி போட்ட ஆபீஸ், சுவர் முழுக்கப் போன பிள்ளைகளின் போட்டோ. நடத்துகிறவர் அப்பாவை "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுப் பேசினார். "ரெண்டு வருஷம் படிச்சா மூணு வருஷம் வேல பாக்கலாம், போட்ட காச முதல் வருஷத்துலயே எடுத்திரலாம்" என்பதுதான் அவர் எங்களுக்கு விற்ற சரக்கு. படிப்புக்காக இல்லை, அந்த மூன்று வருடத்துக்காகத்தான் என் நகையையும் சேர்த்து அடகு வைத்தோம்.

செப்டம்பர் கடைசிக்குள் எல்லாம் தயார். ஆஃபர் லெட்டர், மாகாணத்தின் ஒப்புதல் கடிதம், ஒரு வருட ஃபீஸ், ஜிஐசி என்று அங்கே தங்கும் செலவுக்காக அங்கத்து வங்கியில் போட வேண்டிய 20,635 கனடா டாலர், நம் காசில் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல். எல்லாம் கட்டியாயிற்று. அக்டோபரில், "ஃபைல் சப்மிட் பண்ண இன்னும் நாப்பதாயிரம் வேணும்" என்றார் கன்சல்டன்சிக்காரர். முதலில் பேசிய ஒன்றரை லட்சத்தில் இது இல்லை. அந்த மாதம் இங்கே எப்படி மழை பெய்யும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பால்வெட்டு நின்று போனால் கையில் காசு ஏது? அப்பா இருபத்தெட்டாம் தேதி வட்டிக்கு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். "இனி தீபாவளி கழிஞ்சு போடலாம் அண்ணாச்சி, ஒரு அவசரமும் இல்ல" என்றார். முப்பத்தொன்றாம் தேதி தீபாவளி. மறுநாள் நவம்பர் 1, குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், வெள்ளிக்கிழமை. பிறகு சனி, ஞாயிறு. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

அந்த நவம்பர் 1-ஆம் தேதிதான் கனடாவின் புது விதி நடைமுறைக்கு வந்தது. பட்டப்படிப்பு அல்லாத கல்லூரி டிப்ளமோ படிக்கிறவர்களுக்கு, படிக்கும் பாடம் அரசு வெளியிட்ட பட்டியலில் இருந்தால்தான் படித்து முடித்தபின் ஒர்க் பெர்மிட். விவசாயம், மருத்துவப் பராமரிப்பு, அறிவியல் தொழில்நுட்பம், கட்டடம் வெல்டிங் போன்ற கைத்தொழில்கள், போக்குவரத்து என்று ஆள் தட்டுப்பாடு உள்ள துறைகள்தான் அதில். எங்களுடைய பிசினஸ் டிப்ளமோ இல்லை. அக்டோபர் 31-க்குள் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. திடீரென்று வந்த விதியும் இல்லை இது. செப்டம்பர் 18-ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். இதை வைத்தே பிழைக்கிறவருக்கு அது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். தெரிந்தேதான் நாற்பதாயிரத்துக்காக ஃபைலைப் பிடித்து வைத்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து அந்தக் குலசேகரம் பையன் சொல்லித்தான் தம்பிக்கே தெரியும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறான். "நீ விண்ணப்பித்த தேதி என்ன?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. இவனுக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் கனடா அரசுத் தளத்தில் கணக்கைத் திறந்தது கன்சல்டன்சி. மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் அவர்களுடையது. படிவத்தில் பிரதிநிதி என்று அவர்கள் பெயரே இல்லை. தம்பி தானே நிரப்பி அனுப்பிய மாதிரி போயிருக்கிறது. மூன்று தடவை நேரில் போய்ச் சண்டை போட்டு, விண்ணப்பம் கிடைத்தது என்று கனடா அரசு அனுப்பிய ரசீதுக் கடிதத்தை நான் வாங்கினேன். அதில்தான் நவம்பர் 6 என்று இருந்தது. படித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், அழுகை வந்துவிட்டது.

அதற்கு அவர் சொன்ன வழி, "பதினஞ்சு லட்சம் ஏற்பாடு பண்ணுங்க, எல்எம்ஐஏ வேலை ஒண்ணு எடுத்துத் தாறேன்." எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அங்கத்து முதலாளி அரசிடம் வாங்கும் அனுமதி. கனடாவில் அதைத் தொழிலாளிக்கு விலை பேசி விற்பது சட்டவிரோதம். யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

காசு கட்டும் முன்னே என்ன கேட்க வேண்டும் என்று இப்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. படிப்பின் ஆறு இலக்கக் குறியீட்டை எழுதி வாங்கி, அரசுப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். பட்டியல் மாறவும் செய்யும், பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். கல்லூரி அங்கீகாரம் பெற்றது என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கீகாரம் இருந்தாலும் சில கல்லூரிகளில் படித்தால் அதன்பின் வேலை அனுமதி கிடைக்காது. அரசுக் கல்லூரியின் பெயரில் தனியார் நடத்தும் வளாகமாக இருந்தால், 2024 மே 15 முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு அது இல்லவே இல்லை. கணக்கு உங்கள் பிள்ளையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தைக் கையாள அங்கே உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டும். உரிம எண் கேளுங்கள், ஆலோசகர்களின் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. நாங்கள் கேட்டிருந்தால் அன்றே அவர் சாயம் வெளுத்திருக்கும்.

இன்னொன்று. ஸ்டடி பெர்மிட்டுக்கு எழுதிய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் மதிப்பெண்ணை ஒர்க் பெர்மிட்டுக்கு எடுக்கமாட்டார்கள். அதே தேர்வின் ஜெனரல் பிரிவைத் தனியாக எழுத வேண்டும். "ஒரு தடவ எழுதினா போதும்" என்று எங்களிடம் சொன்னது இதே ஆள்தான்.

தம்பி இப்போது அதே கல்லூரியில் பட்டியலில் உள்ள வெல்டிங் டிப்ளமோவுக்கு மாறிவிட்டான். கல்லூரியை மாற்றினால் புதிதாக ஸ்டடி பெர்மிட் எடுக்க வேண்டும் என்பதால் அங்கேயே இருந்தான். முதல் வருட ஃபீஸ் போனது போனதுதான். "அக்கா, கையில சின்னச் சின்னப் பொள்ளல் இருக்கு, அம்மாட்ட சொல்லாத" என்றான் போன வாரம்.

நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது இருபத்தையாயிரத்துக்குத்தான் தந்தார்கள். மீதியில் ஜிபேயில் அனுப்பியதற்கு மட்டும் கையில் ஆதாரம் இருக்கிறது, அப்பா நோட்டாகக் கொடுத்த நாற்பதாயிரத்துக்கு ஒன்றுமே இல்லை. 2024 அக்டோபரில் இந்தப் பக்கத்தில் காசு கட்டி, நவம்பரில் விண்ணப்பம் போனவர்கள் இன்னும் இருப்பார்கள். முதலில் உங்கள் ரசீதுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தேதியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எஸ்.பி. ஆபீசுக்குச் சேர்ந்தே போகலாம்.