மேசைக்கே வரும் கார்டு மெஷின்: பில்லுக்கு நல்லது, டிப்ஸுக்கு?

சாப்பிட்டு முடித்ததும் சர்வர் கொண்டுவந்து நீட்டும் கையடக்க கார்டு மெஷின், தோல் உறை போட்ட பழைய பில் அட்டையைப் பல உணவகங்களில் ஓரங்கட்டிவிட்டது. அந்த மெஷினை எந்த கம்பெனி செய்தது என்பது இங்கே முக்கியமில்லை. மேசையில் அது என்ன வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது என்பதுதான் இந்த மதிப்பீடு. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: பணம் கட்டும் கருவியாக 5க்கு 4, டிப்ஸ் கேட்கும் கருவியாக 5க்கு 2.

அந்த 4 எதற்கென்றால், கார்டு கண்ணை விட்டு மறைவதில்லை. பழைய முறையில் அட்டைக்குள் வைத்த கார்டு கல்லாவுக்குப் போய்த் திரும்பும்வரை அதை யார் தொட்டார்கள் என்று தெரியாது. இப்போது தட்டுவதும் செருகுவதும் பின் நம்பர் அழுத்துவதும் நம் கையிலேயே நடக்கின்றன. சர்வருக்கும் நடை மிச்சம். பில் கொண்டுவர ஒரு நடை, கார்டை வாங்கிப் போக ஒன்று, சீட்டோடு திரும்ப ஒன்று என்றிருந்தது ஒரே நடையில் முடிகிறது.

ஆனால் பல மெஷின்களில் தெரிவது மொத்தத் தொகை மட்டும்தான். என்னென்ன சாப்பிட்டோம் என்று அவை காட்டுவதில்லை. எனவே மெஷின் வருமுன் அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். கேட்டும் வராத பதார்த்தம், பாதியில் ரத்து செய்தது, ஒன்றுக்கு இரண்டாக ஏறியது, சொன்ன தள்ளுபடி கழிந்திருக்கிறதா, சர்வீஸ் சார்ஜ் என்று தனி வரி இருக்கிறதா, இந்த ஐந்தையும் பார்க்க அரை நிமிடம் போதும். பிறகு பில்லில் உள்ள தொகையும் மெஷினில் உள்ள தொகையும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில்லிங் கணினியோடு இணைக்காத மெஷினில் சர்வர் தொகையைக் கையால் அடிக்கிறார். 1,260 என்பது 1,620 ஆவதும், புள்ளி இடம் மாறி ஒரு பூஜ்யம் கூடுவதும் அவசரத்தில் நடப்பவை. இணைத்த மெஷினில் அந்தத் தவறு வராது, அதற்குப் பதில் வேறொன்று வரும்: மேசை எண்ணைத் தப்பாக அழுத்தினால் பக்கத்து மேசையின் பில் உங்கள் முன் நிற்கும்.

இனி டிப்ஸ் திரை. பெரும்பாலும் மூன்று பெரிய பொத்தான்கள், மூன்றிலும் சதவீதம். நடுவில் இருப்பது பளிச்சென்று இருக்கும். ‘வேறு தொகை’யும் ‘டிப்ஸ் வேண்டாம்’ என்பதும் அடியில் சின்ன எழுத்தில், சில மெஷின்களில் இன்னொரு திரைக்குப் போனால்தான் கிடைக்கும். கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சதவீதம் எதன்மேல் போடப்படுகிறது என்பது. சாப்பாட்டுக்கு 1,000, வரி 100, சர்வீஸ் சார்ஜ் 100, ஆக மொத்தம் 1,200 என்று வையுங்கள். 15 சதவீதப் பொத்தான் பல மெஷின்களில் 1,200க்குக் கணக்குப் போட்டு 180 என்று காட்டும். சாப்பாட்டுக்கு மட்டும் போட்டால் 150தான். ஏற்கெனவே கட்டிய சர்வீஸ் சார்ஜ் 100ஐயும் சேர்த்தால், 15 என்று நினைத்து அழுத்தியவர் சாப்பாட்டு விலையில் 28 சதவீதம் கொடுத்திருப்பார். மனமறிந்து கொடுத்தால் நல்லது. தெரியாமல் போனால் அது மெஷின் அமைப்பின் குறை, அந்த 2 மதிப்பெண்ணுக்கு முதல் காரணம் இதுதான்.

‘வேறு தொகை’யிலும் ஒரு சிக்கல் உண்டு. சில மெஷின்கள் டிப்ஸ் தொகையை மட்டும் கேட்கும், சில சதவீதத்தைக் கேட்கும், சில டிப்ஸ் சேர்த்த மொத்தத்தைக் கேட்கும். 10 சதவீதம் என்று எண்ணி 10 அடித்தால் வெறும் பத்து போய்ச் சேரும், சர்வர் முகம் வாடும், காரணம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கார்டைத் தட்டுமுன் கடைசித் திரையில் வரும் மொத்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அதையும் மீறித் தவறினால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். அன்றைய கணக்கை வங்கிக்கு அனுப்பி முடிக்கும்வரை அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்துவிடலாம். அனுப்பிய பிறகு அது பணத்தைத் திருப்பித் தரும் வேலையாகி, நாள்கணக்கில் இழுக்கும்.

பழைய அட்டை ஒரு காரியத்தை அழகாகச் செய்தது: தொகையை மூடி வைத்தது. விருந்தளிப்பவர் எவ்வளவு கட்டினார், எவ்வளவு டிப்ஸ் வைத்தார் என்று அழைத்து வரப்பட்டவர்களுக்குத் தெரியாது. மெஷினோ வெளிச்சத்தோடு மேசை நடுவில் வந்து நிற்கிறது. எனவே விருந்துக்கு அழைத்தவர் கடைசிப் பதார்த்தம் வருமுன் எழுந்துபோய் கல்லாவிலேயே கட்டிவிடுவது நல்லது. வந்தவுடனேயே ‘பில் என்னிடம்தான் வரணும்’ என்று சர்வரிடம் தனியாகச் சொல்லிவைப்பது இன்னும் நல்லது. பில்லுக்காக இரண்டு பேர் கைநீட்டி இழுக்கும்போது நடுவில் சர்வர் படும் சங்கடம் அதனால் நீங்கும். அழைக்கப்பட்டவருக்கும் ஒரு வேலை உண்டு: மெஷின் வந்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்புவது.

சர்வர் எங்கே நிற்கிறார் என்பதும் சேவையின் ஒரு பகுதியே. மெஷினைக் கையில் கொடுத்துவிட்டு ஓரடி தள்ளி, முகத்தைத் திருப்பி நிற்பவர் தொழில் தெரிந்தவர். மெஷினைத் தானே பிடித்துக்கொண்டு, நம் விரல் எந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று பார்த்து நிற்பது நெருக்கடி. அப்போது ‘கொடுங்க, நான் போட்டுக்கிறேன்’ என்று வாங்கிக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பின் நம்பருக்காகவும் அப்படித்தான் செய்ய வேண்டும். உணவக உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை: நியூயார்க் டாக்ஸிகளின் கட்டணத் திரையை வைத்து 2014இல் வெளியான ஒரு ஆய்வு, பரிந்துரைக்கும் சதவீதத்தைக் கூட்டினால் சராசரி டிப்ஸ் கூடுகிறது, ஆனால் ஒன்றுமே கொடுக்காமல் போகிறவர்களும் கூடுகிறார்கள் என்று கண்டது.

சாப்பாட்டில் குறை இருந்தால் டிப்ஸைக் குறைத்துக் காட்டுவது பயனற்றது. உப்பு கூடியது சமையலறையில், தண்டனை சர்வருக்கு. சேவைத் தரத்துக்கும் டிப்ஸ் தொகைக்கும் உள்ள தொடர்பு மிக மெலிது என்று லின், மெக்கால் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் காட்டினார்கள். குறைந்த டிப்ஸைப் பார்த்து எது பிடிக்கவில்லை என்று யாரும் புரிந்துகொள்ளப் போவதில்லை. மேலாளரைக் கூப்பிட்டு இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

கார்டில் போடும் டிப்ஸ் முதலில் உணவகத்தின் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து சம்பளத்தோடோ, எல்லோருக்கும் பங்கு போட்டோ போய்ச் சேரலாம். கார்டு கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. சர்வீஸ் சார்ஜ் ஊழியருக்கே போகிறது என்ற உறுதியும் எல்லா இடத்திலும் இல்லை. ‘இதில் போட்டால் உங்களுக்கு வருமா?’ என்று மெதுவாகக் கேட்கலாம். தயக்கம் தெரிந்தால் பில்லைக் கார்டிலும் டிப்ஸை ரொக்கமாகவும் கொடுங்கள்.

ஆளுக்கு ஆள் பிரித்துக் கட்டுவதானால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். சமமாகப் பிரிக்க மெஷினுக்குத் தெரியும். அவரவர் சாப்பிட்டதைப் பிரிக்க பில்லிங் கணினியில் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக ஏற்றியிருக்க வேண்டும். பில் அச்சான பிறகு கேட்டால் சர்வர் ஒவ்வொரு வரியையும் நகர்த்த வேண்டிவரும். ஒவ்வொரு பங்குக்கும் டிப்ஸ் திரை தனியாக வருவதால், மெஷின் கைமாறும்போது முந்தையவர் எவ்வளவு கொடுத்தார் என்பது அடுத்தவர் கண்ணில் பட்டுவிடலாம். ஆறு பேருக்கு மேல் என்றால் ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்கள் அவருக்கு அனுப்புவதே நிம்மதி.

வெளிநாட்டில், உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா என்று மெஷின் கேட்டால், அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மெஷின் செய்யும் மாற்றத்தில் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் ஒளிந்திருக்கும். அந்தப் பொத்தானை வேறு யாரும் உங்களுக்காக அழுத்த விடாதீர்கள்.

மேசையில் ஒட்டிய க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டும் முறையில் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை, அது நிம்மதி. அசல் குறியீட்டின் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவைக்கும் மோசடி உண்டு என்பதால், பணம் பெறுபவர் பெயரைப் பார்த்தபின் அனுப்புங்கள்.

நெட்வொர்க் பாதியில் நின்றால் உடனே இரண்டாம் முறை தட்டாதீர்கள். வங்கி அனுமதித்திருந்தும் பதில் மெஷினுக்கு வந்து சேராமல் போயிருக்கலாம், இரண்டு முறை கழிந்துவிடும். கடைசிப் பரிவர்த்தனையின் நிலையை மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் போனிலும் பாருங்கள். இரண்டிலும் இல்லை என்றால் மட்டும் மறுபடி தட்டுங்கள். ‘தோல்வி’ என்று வந்த சீட்டையும் வாங்கி வையுங்கள், பிறகு வங்கியிடம் காட்ட உதவும். அந்தச் சீட்டு வெப்பத்தால் அச்சாகும் தாள். வெயிலிலோ கார் டேஷ்போர்டிலோ கிடந்தால் எழுத்து மங்கிப்போகும், அதனால் மேசையை விட்டு எழுவதற்குள் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.