பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆள் தேடுகிறீர்களா? 1,65,000 ரூபாய் போன கதை

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,65,000 ரூபாய் போய்விட்டது. கூடவே தாத்தா காலத்து இரட்டைக் கதவும். நடந்ததைச் சொல்லிவிட்டு, பழைய வீட்டில் கை வைப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று கொல்லை வரை நீளும். கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் (தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மட்டக் கூரை), தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு. அப்பா போனபிறகு பூட்டியே கிடந்தது. "வித்துடலாம்டா, யாரு அங்க போய் இருக்கப் போறா" என்றான் அண்ணன். அக்காவுக்கும் அதே எண்ணம்தான். எனக்கு மட்டும் மனசு வரவில்லை. இரண்டு பேர் பங்கையும் நானே வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் அக்காவிடம் விலை பேச முடியாதல்லவா? அங்கேதான் ஆரம்பித்தது வினை.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆப் ஒன்றில் தேடினேன். பெயர் வேண்டாம். "பாரம்பரிய வீடு புதுப்பிப்பு" என்று தனிப் பிரிவே வைத்திருந்தார்கள். சோதனைக் கட்டணம் 15,000. மறுநாளே ஒருவர் வந்தார். (இப்போதும் 'வந்தார்' என்றுதான் வருகிறது பாருங்கள், மரியாதை!)

அந்த ஆள் செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சுவரை ஒரு ரூபாய்க் காசால் தட்டினார். "மண் சாந்துல வச்ச செங்கல் சார், மேல சுண்ணாம்புப் பூச்சு. எவன் வந்து சிமெண்ட் பூசுறேன்னாலும் விடாதீங்க. ஈரம் வெளிய வர வழியில்லாம பொக்குப் பொக்கா உதிரும்" என்றார். சமையலறையில் அப்பா ஒரு காலத்தில் சிமெண்ட் பூசிய சுவர் அப்படியேதான் உதிர்ந்து கிடந்தது. அதை நான் அவரிடம் காட்டவே இல்லை. கூடத்துத் தேக்குச் சட்டங்களைக் கம்பால் தட்டி, "கணீர்னு கேக்குது பாருங்க, இன்னும் ரெண்டு தலைமுறைக்குத் தாங்கும்" என்றார். அந்தக் காலச் சாந்துக்குச் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், சுண்ணாம்பு என்று பேசப் பேச, தாத்தாவே எழுந்து வந்து பேசுவது போல இருந்தது எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் விழுந்தவன்தான்.

மொத்தம் 14 லட்சம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். பொருள் எடுக்க முன்பணம் 1,50,000. ஆப்பில் கட்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேருமாம். "நேரா என் நம்பருக்கே போட்டுடுங்க சார்." போட்டேன். அந்த 14 லட்சத்தை நம்பித்தான் அன்று ராத்திரியே அக்காவுக்கும் அண்ணனுக்கும் போன் செய்து, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் நாலு பேர் வந்தார்கள். தாழ்வாரத்தில் பாதி ஓட்டைப் பிரித்தார்கள். சுண்ணாம்பு என்று ஆறு மூட்டை இறக்கினார்கள். கரையான் மருந்து அடித்துத் தருகிறோம் என்று காமிரா உள் (உள்ளறை) இரட்டைக் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அதோடு சரி.

போன் செய்தால், "சுண்ணாம்பு ஊறிட்டிருக்கு சார், அவசரப்பட்டா வெடிக்கும்." சரி, சுண்ணாம்பு ஊறத்தான் வேண்டும், அது எனக்கும் தெரியும். ஒரு வாரம் கழித்து, "கடுக்காய் இன்னும் புளிக்கல." அப்புறம், "கொத்தனாருக்கு வீட்ல ஒரு துக்கம்." அப்புறம் ரிங் போகும், எடுக்க மாட்டார். அப்புறம் ரிங்கே போகவில்லை. தாமதத்துக்குச் சொன்ன சாக்கெல்லாம் பாரம்பரிய முறைப்படி இருந்ததுதான் கொடுமை. பத்தொன்பது நாள் பொறுமையாகக் காத்திருந்தேன் நான்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருக்கோடியில் இருக்கும் பெரியவர், பழைய கொத்தனார், மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். "தம்பி, இது வெள்ளையடிக்கிற பவுடரு. இதுல சாந்தா அரைப்பாங்க?" ஆறு மூட்டையும் அதேதான்.

ஆப்காரர்களைக் கூப்பிட்டால் முதலில் பாட்டுப் போடுகிறார்கள். பிறகு ஒரு பெண், "உங்க புகார் பதிவாகிடுச்சு சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." மூன்று முறை 48 மணி நேரம் போனது. கடைசியில் ஒரு மின்னஞ்சல்: நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, ஆப்புக்கு வெளியே கொடுத்த பணத்துக்குப் பொறுப்பில்லை. சரி, ஆப்புக்குள்ளேயே கட்டிய 15,000? அதற்கு "சோதனை முடிந்துவிட்டது". அந்த ஆளின் பக்கம் இன்றைக்கும் நாலரை நட்சத்திரத்தோடு இருக்கிறது.

இதைவிடப் பெரிய அடி நேற்று. தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் சட்டத்தை நடுவில் தட்டவே இல்லை. ஏணி போட்டு, சட்டம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது. ஈரமும் கரையானும் முதலில் சுவருக்குள் இருக்கும் முனையைத்தான் தின்னுமாம். பதினோரு சட்டத்தில் ஐந்து போய்விட்டது. 14 லட்சம் எந்த மூலைக்கு என்று கேட்டுச் சிரித்தார். நான் அக்காவிடம் கொடுத்த வாக்கை என்ன செய்வது?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: ஆப்புக்கு வெளியே ஒரு பைசா அனுப்பாதீர்கள். செலவுக் கணக்கு போடுகிறவரும் வேலை செய்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கதவு, தூண், ஊஞ்சல் பலகை எதையும் வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள், மருந்து அடிப்பதென்றால் முற்றத்திலேயே அடிக்கட்டும். மழைக்காலம் நெருங்கும் நேரத்தில் ஓட்டில் கை வைக்க விடாதீர்கள். மோசடி என்று தெரிந்த உடனே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், என்னைப் போலச் சுண்ணாம்பு ஊறும் வரை காத்திருக்காதீர்கள். ஆப்காரர்கள் மீது நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டுக்கும் சொல்லிவிட்டேன், நாளைக்குக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

யாராவது சீர்காழி, கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய சாமான் கடையில், இரண்டு பலகையிலும் தாமரை செதுக்கிய, வலது பக்கம் நாதாங்கி உடைந்த தேக்குக் கதவைப் பார்த்தால் சொல்லுங்கள். மறுபடி தூற ஆரம்பித்துவிட்டது, தார்ப்பாய் கட்டப் போகிறேன்.