மர்ம குவில்ட்: அவர்கள் சொன்ன நிறமா, நம் நிறமா?

குவில்ட் என்பது துணித் துண்டுகளை நறுக்கி ஒட்டித் தைக்கும் போர்வை. மர்ம குவில்ட்டில் தையல் குறிப்புகள் தவணை தவணையாக வரும்; கடைசித் தவணை வரும்வரை போர்வை எப்படி இருக்கும் என்றே தெரியாது. நிறப் பட்டியலும், எந்த நிறத்தில் எத்தனை கெஜம் என்ற கணக்கும் மட்டும் முன்கூட்டி வரும். அமெரிக்கக் குவில்ட் கலைஞர் போனி ஹன்டர் ஆண்டுதோறும் நடத்திவந்த இப்படியொரு புதிர், நவம்பரில் வரும் அமெரிக்க விழாவான தாங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை தொடங்கும். பட்டியல் அதற்கு முன்பே வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் தலைவலி. சொன்ன நிறங்களையே வாங்குவதா, நமக்குப் பிடித்தவற்றை வைத்துத் தைப்பதா?

சொன்னதையே எடுத்தால் வேலை சுலபம். பச்சையை நறுக்கச் சொன்னால் பச்சையை நறுக்கலாம். வடிவமைத்தவரே தைத்துப் பார்த்த சேர்க்கை என்பதால் காலை வாராது. முதல்முறை இறங்குபவருக்கு நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் மாதக்கணக்கில் உழைத்துத் தைத்து, வருடக்கணக்கில் கட்டிலில் விரிக்கப்போகிற பொருள் இது. ஊதா பிடிக்காதவர் எதற்காக ஊதாவைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும்? அலமாரி நிறையத் துணி இருக்க, புதிதாக வாங்கும் செலவு வேறு.

நான் என் நிறங்களின் பக்கம். 2016 புதிரில் அவர் அடர் ஊதா, லாவெண்டர், மெஜந்தா, பச்சை, மஞ்சள், பின்னணிக்கு வெளிர் துணிகள் என்று கேட்டிருந்தார். நான் ஊதாக்களைக் கருநீலமாகவும் வான்நீலமாகவும் மாற்றினேன்; மெஜந்தாவுக்குப் பதில் செங்கல் நிறம் வந்தது. மஞ்சளைத் தொடவில்லை. ஓர் அட்டையில் இடப்பக்கம் அவர் சொன்ன நிறத்தின் பெயரை எழுதி, வலப்பக்கம் என் துணியில் ஒரு துணுக்கை ஒட்டித் தையல் மெஷினுக்கு மேலே குத்திவைத்தேன். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தவணையிலும் குழப்பம்தான்.

எந்த நிறத்தை வேண்டுமானாலும் மாற்றலாம், அதன் அடர்த்தியை, அதாவது அது எவ்வளவு அடர், எவ்வளவு வெளிர் என்பதை, மாற்றக் கூடாது. அவர் ஊதாவை ஏன் இரண்டு முறை கேட்டார்? ஒன்று அடர், ஒன்று வெளிர். இரண்டுக்கும் வடிவத்தில் வேறு வேறு வேலை. எந்தத் துண்டு எதன் பக்கத்தில் போய் உட்காரும் என்பது தெரியாத நிலையில், நம் கையில் இருக்கும் ஒரே பிடி இந்த அடர்-வெளிர் வரிசைதான். அரக்கு உடலும் அதே அடர்த்தியில் பச்சைக் கரையுமாகப் பட்டுப்புடவை கண்ணைப் பறிக்கும், ஏனென்றால் இரண்டும் அகலமாகக் கிடக்கின்றன. அதே இரண்டையும் இரண்டங்குல முக்கோணங்களாக நறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் தைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்: நட்சத்திரமும் தெரியாது, கட்டமும் தெரியாது, ஒரே பழுப்புக் கலங்கல்.

சோதிப்பது எளிது. எல்லாத் துணிகளையும் வரிசையாக வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். வடிவமைப்பாளர் தந்த வண்ண மாதிரிகளையும் அப்படியே எடுங்கள். இரண்டு வரிசையிலும் சாம்பல் படிகள் ஒத்துப்போனால் துணிந்து நறுக்கலாம். நான் முதலில் எடுத்துவைத்த பச்சை, செங்கல் நிறத்தோடு ஒரே சாம்பலாக நின்றது. அதை ஒதுக்கிவிட்டு இளம்பச்சைக்குப் போனேன்.

படத்தில் தப்பித்துக்கொள்ளும் துணிகளும் உண்டு. கருநீலத்தில் பெரிய வெள்ளைப் பூப் போட்ட துணி முழுதாகப் பார்த்தால் அடர்நிறம்தான். நறுக்கும்போது ஒரு முக்கோணம் முழுவதும் ஒரே இதழில் போய் விழும். அடர் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை பல்லிளிக்கும். ஊடும் பாவும் வேறு நிறமாக நெய்த மயில்கழுத்துத் துணி இன்னொன்று: துண்டைத் திருப்பித் தைத்தால் வெளிச்சத்தில் வேறு அடர்த்தியாகத் தெரியும். அழகுதான், ஆனால் புதிரில் வேண்டாம். சிறு பூ, சிறு புள்ளி, அல்லது வெற்றுத் துணி போதும்.

வெளிர் பின்னணிக்குப் பதிலாகக் கறுப்பைப் போட்டு எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். நான் தைத்துப் பார்த்ததில்லை. பார்த்தவற்றில் சில அசத்தின, சிலவற்றில் வடிவம் கறுப்புக்குள் முழுகிவிட்டது. அதற்கு மேல் நான் சொன்னால் அது ஊகம்.

இரண்டே நிறம் போதும் என்ற மூன்றாவது கட்சியும் உண்டு. ஐந்து நிறம் கேட்கும் வடிவத்தை இரண்டில் அடக்க வேண்டுமானால் ஒரே நீலத்தில் நாலு படி தேட வேண்டும். அதற்கு ஐந்து நிறமே மேல்.

எந்தப் பக்கம் போனாலும், பின்னணிக்கு ஒரே துணி என்று முடிவு செய்தால் கேட்டதைவிட அரை கெஜம் கூடுதலாக வாங்கிவிடுங்கள். பச்சை தீர்ந்தால் அதே அடர்த்தியில் வேறொரு பச்சையைக் கலந்துவிடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பின்னணி தீர்ந்து, அடுத்த சாயத் தொகுதியில் வந்த துணியை வாங்கி ஒட்டுப்போட்டால் வாசலில் நிற்கிறவருக்கே தெரியும்.