ட்ரௌட் தீவனத்துக்குப் புழு மாவு: எந்த மூட்டையை வாங்கலாம்?

பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவைக் காயவைத்து அரைத்த மாவு, மீன்மாவுக்கு மாற்று என்று சொல்லி விற்பனைக்கு வருகிறது. இதில் இரண்டு வகை: எண்ணெய் எடுக்காதது, எண்ணெய் பிழிந்து எடுத்தது. குளிர்நீர் மீனான ரெயின்போ ட்ரௌட்டுக்குத் தீவனம் தயாரிப்பவர்கள் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். விலை குறைவு என்று முதலாவதை வாங்கினால் இயந்திரத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். அதில் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அரவையில் சல்லடைத் துளைகள் அடைத்துக்கொள்ளும். கலவையைத் திருகால் அழுத்திக் குருணையாக்கும் எக்ஸ்ட்ரூடருக்குள் போகும் கலவையில் கொழுப்பு சுமார் 12 சதவீதத்தைத் தாண்டினால் திருகு வழுக்கும், அழுத்தம் ஏறாது. அப்படி வரும் குருணை உப்பாது. பிறகு தெளிக்கும் எண்ணெயையும் உறிஞ்சாது.

கொழுப்பு நீக்கிய மாவு நைசாக அரைபடும், மீனும் விரும்பித் தின்னும். குறை அதன் லேபிளில் இருக்கிறது. 'புரதம் 58 சதவீதம்' என்று அச்சிட்டிருப்பார்கள். ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிச் சொல்லும் கணக்கு அது. புழுத் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. அது மீனுக்குப் புரதமாகாது. முழுப் புழுவுக்கு ஆய்வாளர்கள் கணக்கிட்ட பெருக்கெண் 4.76. அதைக் கொண்டு பார்த்தால் 58 என்பது 44 ஆகிவிடும்.

100 கிலோ வளர்ப்புத் தீவனத்தில் இந்த வித்தியாசம் என்ன செய்யும்? மீன்மாவு 20, புழு மாவு 20, தோல் நீக்கிய சோயாப் புண்ணாக்கு 20, மக்காச்சோள குளூட்டன் 8, கோதுமை மாவு 16, மீன் எண்ணெய் 8, தாவர எண்ணெய் 5, வைட்டமின்–தாதுக் கலவை 2 கிலோ. மோனோகால்சியம் பாஸ்பேட் 700 கிராம், மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் 300 கிராம். லேபிளை நம்பினால் புரதம் 41 சதவீதம் வரும். உண்மையில் 38தான். ட்ரௌட்டுக்கு 40ஐ ஒட்டியாவது வேண்டும் என்பதால், கோதுமையில் 4 கிலோவைக் குறைத்து மீன்மாவைக் கூட்டுவது நல்லது. குளூட்டனைக் கூட்டலாமே என்று தோன்றும். அளவு மிஞ்சினால் இறைச்சி மஞ்சளாகும். இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்து வாங்கும் மீனில் அது எடுபடாது.

மெத்தியோனினை விட்டுவிடக் கூடாது. மீன்மாவில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் புழு மாவில் இருக்கிறது. பாஸ்பேட் சோயாவுக்காக: அதிலுள்ள பாஸ்பரஸ் மீன் செரிக்க முடியாத பைட்டேட்டாகக் கட்டுண்டிருக்கும், அதை விடுவிக்கும் பைட்டேஸ் நொதியோ ட்ரௌட் வளரும் 12 டிகிரித் தண்ணீரில் மந்தமாகத்தான் வேலை செய்யும்.

இத்தாலியில் நடந்த சோதனையில் தீவனத்தின் 40 சதவீதம் வரை இந்த மாவைச் சேர்த்தும் ட்ரௌட்டின் வளர்ச்சி குறையவில்லை. விற்பவர்கள் மறக்காமல் சொல்லும் செய்தி இது. அதே சோதனையில் இறைச்சியின் ஒமேகா-3 உள்ளிட்ட நல்ல கொழுப்புகள் குறைந்தன என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். புழுக் கொழுப்பில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம், தேங்காய் எண்ணெயில் இருப்பதேதான். கடலிலிருந்து எடுக்கும் மீன்மாவை இது மிச்சப்படுத்தும், மீன் எண்ணெயை அல்ல. ‘நீடித்த தீவனம்’ என்ற பேச்சில் நிஜமான முட்டுக்கட்டை அந்த எண்ணெய்தான். கைக்கு எட்டும் மாற்று பாசி எண்ணெய், விலை கடிக்கும். செலவைக் கட்டுப்படுத்த, வளர்ப்புக் காலத்தில் தாவர எண்ணெயைக் கூட்டிக்கொண்டு, அறுவடைக்கு முந்தைய எட்டுப் பத்து வாரங்களுக்கு மட்டும் மீன் எண்ணெயையோ பாசி எண்ணெயையோ முழுதாகக் கொடுக்கலாம்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை: ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா, புழு எதைத் தின்று வளர்ந்தது, காட்மியம் என்ற நச்சு உலோகம் எவ்வளவு என்ற ஆய்வக அறிக்கை உண்டா. இந்தப் புழு காட்மியத்தை உடலில் சேர்த்து வைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலையில் மீன் தீவனத்துக்குப் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், சமையல் கழிவும் சாணமும் தின்ற புழுவுக்கு இடம் தரவில்லை. 'சந்தைக் கழிவில் வளர்த்தது' என்று பெருமையாகச் சொல்பவரிடம் அறிக்கையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூட்டையைத் திறந்ததும் காறல் வாடை வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

5 கிராமுக்கும் குறைந்த குஞ்சுகளுக்கு இந்த மாவு வேண்டாம். பெரிய மீனுக்கும் முதல் இரண்டு நாள் பழைய தீவனத்தோடு புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முழுதாகப் புதியது என்று மாற்றுங்கள். இடையில் மீனின் கழிவு இழைஇழையாகத் தொங்கினால் புழு மாவின் அளவை 20இலிருந்து 10 கிலோவாக இறக்கி, குறையும் 10 கிலோவை மீன்மாவால் நிரப்புங்கள்.