பொம்மை வீடு செய்ய பேலட் கட்டையா, பிளைவுட்டா, எம்.டி.எஃப்.பா?

பிள்ளைக்கு மரத்தில் ஒரு பொம்மை வீடு செய்து தரலாம் என்று கிளம்பினால் முதல் குழப்பமே பலகையில்தான். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் மூன்று வழி இருக்கிறது: காயலான் கடை பேலட் கட்டை (சரக்கை அடுக்கி ஏற்றும் மரத்தட்டைப் பிரித்தது), பிளைவுட் கடையில் மிஞ்சும் வெட்டுத் துண்டு, அப்புறம் லேசரில் வெட்டித் தரும் எம்.டி.எஃப். என்ற அழுத்திய மர நார்ப் பலகை. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டின் உடம்புக்கு 9 மி.மீ. பிளைவுட், உள்ளே போடும் கட்டில், மேசை, படிக்கட்டுக்கு பேலட் கட்டை. எம்.டி.எஃப். வேண்டுமென்றால் கடலிலிருந்து தள்ளி, மாடியில், சுவரில் ஈரம் ஏறாத வீட்டில் இருப்பவர்கள் யோசிக்கலாம்.

பலகைக்கு முன்னால் இன்னொன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார்கள்? பார்பி என்றால் அவள் உயரம் 11.5 அங்குலம். அவள் தலை முட்டாமல் நிற்க ஒரு தளத்துக்கு 13, 14 அங்குலமாவது விட வேண்டும், மூன்று தளம் போட்டால் மூன்றரை அடியைத் தொட்டுவிடும், பீரோவுக்கே இடம் தேடும் நம் லைன் வீடுகளில் அதை எங்கே வைப்பது? 1:12 அளவு நமக்குத் தோது. நிஜத்தில் ஒரு அடி, பொம்மை வீட்டில் ஒரு அங்குலம். 10 அடி உயர அறை 10 அங்குலம், மூன்றடிக் கதவு மூன்று அங்குலம், கணக்கை மனதிலேயே போட்டுக்கொள்ளலாம். டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த லுட்டியன்ஸ், இங்கிலாந்து ராணி மேரிக்காக உருவாக்கி 1924-ல் முடித்த பொம்மை வீடும் இதே அளவுதான். அதில் லிஃப்ட் ஓடும், குழாயில் தண்ணீர் வரும். தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டுப் பழகிய நமக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும், விடுங்கள். அரையடிக்குள் இருக்கும் மரப்பாச்சி ஜோடி 1:12-ல் சரியாகப் பொருந்தும். செப்புச் சாமான் சற்றுப் பெரிதாகத் தெரியும், குழந்தைகள் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

இப்போது பலகைக் கணக்கு. 24 அங்குல அகலம், 10 அங்குல ஆழம், 20 அங்குல உயரம், இரண்டு தளம், நான்கு அறை என்று வைத்துக்கொண்டால் பக்கச் சுவர், மூன்று தட்டு, நடுத்தடுப்பு, பின்பலகை எல்லாம் சேர்த்து சுமார் 12.5 சதுர அடிதான் வருகிறது. எட்டுக்கு நாலு முழு ஷீட் 32 சதுர அடி. அதில் பாதிகூடத் தேவையில்லை, அதனால் முழு ஷீட் வாங்காமல் கடை ஓரத்தில் சாய்த்து வைத்திருக்கும் துண்டுகளைக் கேளுங்கள்.

பேலட் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் வடசென்னைக்காரர்களுக்கு மட்டும் இது இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது, அதனாலேயே எல்லோரும் முதலில் இதில்தான் போய் விழுகிறார்கள். துறைமுகத்தில் சரக்கோடு வந்து இறங்கும் பேலட்டுகள் பிரிந்து, உடைந்து, கடைசியில் காயலான் கடைக்கு வந்து சேரும். பெரும்பாலும் பைன் மரம். இழைத்தால் வரும் அந்த வாசனையும் ரேகையும் எந்த பிளைவுட்டிலும் கிடைக்காது, அதை மறுக்க முடியாது. ஆனால் குழந்தை கையில் கொடுக்கப் போகிறோம் என்றால் முதலில் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப் பேக்கிங்கில் பூச்சி ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்க ஐ.எஸ்.பி.எம். 15 என்று 2002-ல் ஒரு சர்வதேச விதி வந்தது. அதன்படி பதப்படுத்திய கட்டையில் கோதுமைக் கதிர் படமும், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தும், எப்படிப் பதப்படுத்தினார்கள் என்ற குறியும் சூடு போட்ட மாதிரி அச்சாகியிருக்கும். எச்.டி. (HT) என்று இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் இருந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, அதைத் தொடவே வேண்டாம். முத்திரையே இல்லாதது உள்ளூர்ப் பேலட்டாக இருக்கலாம், ஆனால் அது எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது. முத்திரை நன்றாக இருந்தாலும் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருக்கிற கட்டை விறகுக்குக்கூட வேண்டாம் என்று தள்ளிவிடுங்கள், மணலி பக்கம் என்னென்ன ரசாயனம் போய் வருகிறது என்று நமக்குத் தெரியாதா.

சரி, நல்ல கட்டை கிடைத்துவிட்டது. அப்புறம்தான் உண்மையான வேலை. பேலட் பலகை மூன்றரை, நாலு அங்குல அகலம்தான் இருக்கும், கனமோ முக்கால் அங்குலத்தை ஒட்டி. 10 அங்குல ஆழச் சுவர் வேண்டுமென்றால் மூன்று பலகையைப் பக்கவாட்டில் ஒட்டி, பிறகு இழைத்துக் கனத்தைக் குறைக்க வேண்டும். கையில் இழைப்புளி பிடித்துப் பழகாதவருக்குத் தோள் விட்டுப்போகும். மிஷினில் கொடுக்கலாம் என்றால் உள்ளே முறிந்து நிற்கும் ஆணி பிளேடைக் கடித்துவிடும் என்று பட்டறையில் வாங்க மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதோடு இது முழு மரம், மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும், ஐப்பசியில் சரியாக மூடிய கதவு சித்திரையில் இடைவெளி காட்டும். சுவருக்கு இது தொல்லை. நாற்காலி, ஊஞ்சல், ஏணிப்படி போன்ற சின்னச் சாமான்களுக்கு அந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது, அங்கேதான் பைன் அழகு.

பிளைவுட்டுக்கு வருவோம். மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அந்த மாதிரி விரிந்து சுருங்குவதில்லை, அகலமான பலகை ஒரே துண்டாகக் கிடைக்கிறது. பொம்மை வீட்டுக்கு இதுவே போதுமான காரணம். கடையில் ஐ.எஸ். 303 என்று இந்தியத் தர எண் போட்டிருந்தால் பொது உபயோகப் பிளைவுட், அதிலேயே எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்று இரண்டு தரம். பி.டபிள்யூ.ஆர். ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் என்று கடைக்காரர் தள்ளப் பார்ப்பார், படகா கட்டுகிறோம்? தேவையில்லை. சுவருக்கும் தட்டுக்கும் 9 மி.மீ., பின்பலகைக்கு 4 மி.மீ. என்று எடுத்தால் மொத்த எடை 5 கிலோ சொச்சம், ஒருவரே தூக்கி நகர்த்தலாம். இதன் குறை விளிம்புதான். வெட்டிய இடத்தில் மேல் ஏடு பிய்ந்து சிலாம்பு நிற்கும், குழந்தை விரலில் ஏறினால் வீடே அல்லோலகல்லோலம். வெட்டுக்கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு ரம்பத்தை வைத்தால் பாதி பிரச்சினை போகும். மீதிக்கு உப்புத்தாள், அப்புறம் விளிம்பில் மெல்லிய ரீப்பர் பட்டி. மலிவான சரக்கில் நடுவே ஓட்டை இருக்கும், வாங்கும்போதே நாலு பக்க விளிம்பையும் பார்த்துவிடுங்கள்.

எம்.டி.எஃப். வெட்டுவதற்கு வெண்ணெய், பெயின்ட் போட்டால் கண்ணாடி. ஜன்னல் கம்பி, ஜாலி வேலையெல்லாம் லேசரில் அச்சாக வரும், விலையும் பிளைவுட்டைவிடக் குறைவு. ஆனால் மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை அது. தண்ணீர் பட்டால் விளிம்பு ஊறி உப்பும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அதே அளவு வீடு இதில் 7 கிலோவை நெருங்கும். வெட்டும்போது பறக்கும் தூள் மிக நைசு, முகக்கவசம் இல்லாமல் கை வைக்கக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது. பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு கசியும் என்பதால் கசிவு குறைந்த ஈ1 அல்லது ஈ0 தரம் கேட்டு வாங்கி, வெட்டிய விளிம்பையெல்லாம் பிரைமரால் மூட வேண்டும். (பிளைவுட்டிலும் பசை உண்டு, அங்கேயும் இதைக் கேட்கலாம்.)

இணைப்புக்கு இரும்பு ஆணி வேண்டாம். காசிமேட்டுக் காற்றில் ஒரு மழைக்காலம் போனாலே துருக்கறை பெயின்டைத் தாண்டி வெளியே வரும். ஃபெவிகால் மரைன் மாதிரி ஈரம் தாங்கும் பசையும், துளை போட்டு இறக்கிய மூங்கில் குச்சியும் போதும், கதவுக்குப் பித்தளைக் கீல். பசையை ஒரு நாள் முழுக்க அழுத்தி வையுங்கள், மழை நாளில் இன்னும் கொஞ்சம்.

கூரை விஷயத்தில் இணையத்தில் வரும் சாய்வுக் கூரைப் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். சாய்வான வெட்டு வீட்டில் சரியாக வருவது கஷ்டம், அந்த இடமும் வீண். நம்ம ஊர் மொட்டை மாடி போடுங்கள், சுற்றி ஒரு அங்குலக் கைப்பிடிச் சுவர், கொடியில் துணி, ஓரத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. மேலே தட்டையாக இருப்பதால் புரட்டாசியில் கொலுப்படியோடு சேரும், டிசம்பரில் ராயபுரத்து வீடுகளில் குடிலாகவும் மாறும். மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் மட்டும் வாயில் போடக்கூடிய சின்னச் சாமான் எதையும் ஒட்டாமல் விடாதீர்கள்.

பெயின்ட் கடைசி. துறைமுகப் பக்கம் படகுக்கு அடித்த மீதி என்று யாராவது டப்பா நீட்டுவார்கள், பளபளப்பு அருமையாக இருக்கும், வாங்காதீர்கள். படகின் அடிப்பகுதிக்குப் பூசுவதில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க விஷமே கலந்திருக்கும். வீட்டுப் பெயின்ட்டிலும் பரணில் கிடக்கும் பழைய டப்பா வேண்டாம்: ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் கலக்காதது என்று டப்பாவில் போட்டிருக்கும் தண்ணீர் எமல்ஷன் அரை லிட்டர் வாங்கினால் முழு வீட்டுக்கும் இரண்டு கோட்டிங் வரும். முதல் கோட்டிங் காய்ந்ததும் ஒரு தடவை உப்புத்தாள் தேய்த்துவிட்டு இரண்டாவதைப் போடுங்கள், ஜன்னல் நிறத்தை மட்டும் பிள்ளையிடம் கேட்டுவிட்டு.