கேரம் மன்றத்தில் கௌரவப் பட்டம்: கை தூக்கலா, சீட்டா, குழுவா?

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் கேரம் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு விழா நெருங்கினால் போதும், “அண்ணனுக்குக் கௌரவ ஆயுள் உறுப்பினர் கொடுத்துடலாம்” என்று பேச்சு கிளம்பிவிடும். அண்ணனுக்குத் தகுதி உண்டா என்று முடிவு செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

கை தூக்கல் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவரை வெளியே அனுப்பினாலும் தம்பியும் மச்சானும் உள்ளேதான் இருப்பார்கள். நாளைக்கு அதே தெருவில் முகம் பார்க்க வேண்டியவர் எதிராகக் கை தூக்க மாட்டார். ‘ஒருமனதாக’ என்று மினிட் புத்தகத்தில் ஏறும், அவ்வளவுதான்.

ரகசிய வாக்குச் சீட்டு இந்தக் கூச்சத்தைப் போக்கும், ஒழுங்காக நடத்தினால். வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்தோ அத்தனை சீட்டுதான் வெளியே வரவேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ அச்சடித்து டிக் மட்டும் போடச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் கையெழுத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். பெரிய தகராறு வெற்றுச் சீட்டில்தான் வரும். பட்டத்துக்கு முக்கால் பங்கு ஆதரவு வேண்டும், 40 பேர் வந்து 24 ஆம், 8 இல்லை, 8 வெற்று என்று வைத்துக்கொள்வோம். வாக்களித்த 32 பேரில் 24 என்றால் சரியாக முக்கால் பங்கு, பட்டம் உண்டு. வந்த 40 பேரில் 24 என்றால் 60 சதவீதம், பட்டம் இல்லை. எந்தக் கணக்கு என்பதைச் சீட்டு கொடுக்கும் முன்பே அறிவிக்க வேண்டும். அப்படியும் சீட்டு காட்டுவது செல்வாக்கை, உழைப்பை அல்ல.

உழைப்பைப் பார்க்கக் குழு வேண்டும். நிர்வாகத்தில் ஒருவர், மூத்த ஆட்டக்காரர் ஒருவர், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவர் என மூவர் போதும். பெயரை முன்மொழிந்தவர் இதில் இருக்கக் கூடாது. பதிவேடுகளைப் புரட்டினால் தெரியும்: சாயங்காலம் மன்றத்தைத் திறந்தவர் யார், போட்டிகளில் நடுவராக நின்றவர் யார், ஜூனியர்களுக்கு ஸ்ட்ரைக்கர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார். மூவரையும் செயலாளரே பொறுக்கினால் குழுவும் கை தூக்கலும் ஒன்றுதான்.

எங்கள் கட்சி: குழு ஒரு பக்க அறிக்கை எழுதி, கூட்டத்தில் வாசித்து, பிறகு சீட்டு. நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பலகை வாங்கிக் கொடுத்தவருக்குப் பொன்னாடையும் ரசீதும் போதும். நன்றாக ஆடுகிறவருக்கும் இந்தப் பட்டம் பொருந்தாது. 1991, 1995 கேரம் உலகச் சாம்பியன் மரிய இருதயத்துக்கு 1996-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்றார் வடசென்னைக் காசிமா. ஆட்டத்துக்குப் பதக்கமும் விருதும் இருக்கின்றன. பலகைக்கு வெளியே செய்யும் வேலைக்குத்தான் மன்றம் பட்டம் தரவேண்டும்.

1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான மன்றம் என்றால், முதலில் துணை விதிகளைப் பாருங்கள். கௌரவ உறுப்பினருக்கு வாக்கு உண்டா, சந்தா உண்டா, பட்டத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்பது அதில் இல்லையென்றால், அதைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் தேவைப்படும். அழைப்பிதழில் பெயர் ஏறுவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.